ஓட்டமும் பிட்ட வலியும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அவையில் சொல்லச் சிறிது கூச்சம் தருவது. தலைவலி, கால்வலி என்றால் எவரும் தயங்காமல் சொல்வர். கேட்பவரும் பரிவோடு கேட்பர். பிட்டத்தில் வலி என்றாலோ, சொல்பவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. கேட்பவர் முகத்தில் முறுவல் தோன்றுகிறது. பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு இது நன்கு தெரியும். முழங்காலில் அடிபட்ட மாணவன் நொண்டிக்கொண்டே வந்து காயத்தைக் காட்டுவான். பிட்டத்தில் வலி கொண்ட மாணவனோ, வேறு ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லிவிட்டுத் திடலுக்கு வராமல் நின்றுவிடுவான். மாணவியரைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. இந்தக் கூச்சத்தினாலேயே பல வலிகள் மாதக்கணக்கிலும், சில வலிகள் ஆண்டுக்கணக்கிலும், காரணம் அறியப்படாமல் நீடிக்கின்றன.

இந்நாளில் ஓடுவோர் தொகை பெருகியிருக்கிறது. கடற்கரையிலும் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் விடியற்காலையில் இளைஞரும் முதியோரும் ஓடுவதைக் காண்கிறோம். அது மகிழத்தக்க மாறுதலே. ஓடுவோர்க்குப் பிட்டத்தில் வலி ஏன் வருகிறது, வந்த வலி ஏன் போகாமல் தங்கிவிடுகிறது என்பவற்றை இன்று சற்று ஆராய்வோம். நான் மருத்துவன் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். மருத்துவ அறிஞர்கள் கண்டறிந்தவற்றைப் படித்தும், என் உடம்பிலும் என் மாணவர் ஒருவர் வாழ்விலும் பார்த்தும் அறிந்தவற்றையே சொல்லப் போகிறேன்.

முதலில் அவ்விடத்தின் அமைப்பை அறிந்துகொள்வோம். நாற்காலியில் அமர்ந்து கேட்பவர்கள், ஒரு கையின் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, அதன்மேல் ஒரு பக்கமாக அமர்ந்து பாருங்கள். கெட்டியான எலும்பு முனை ஒன்று விரல்களை அழுத்தும். அதுவே இருக்கை எலும்பு. தொடையின் பின்புறத் தசைகள் தசைநாண் என்னும் உறுதியான கயிற்றினால் அந்த எலும்பு முனையிலேதான் கட்டப்பட்டிருக்கின்றன. இனிக் கையை எடுத்து, இடுப்பின் பின்புறத்தில் தடவிப் பாருங்கள். முதுகெலும்பின் அடியில், தலைகீழாக நிறுத்திய முக்கோணம் போன்ற எலும்பு ஒன்று உண்டு. அதனைத் திரிகம் என்பர். அதன் இரு பக்கங்களிலும் இடுப்பெலும்புகள் வந்து சேரும் மூட்டுகள் இருக்கின்றன. இந்த எலும்புகளின் மேல் போர்த்தியதுபோல் அமைந்திருப்பது பிட்டத்தின் பெருந்தசை. அத்தசைக்கு அடியில், முதுகிலிருந்து புறப்பட்டுக் காலுக்குச் செல்லும் 'சயாடிக்' நரம்பு ஓடுகிறது. நம் உடம்பில் உள்ள நரம்புகளில் மிகப் பருமனானது அதுவே.

தசைகளிலும் மிகப் பெரியது பிட்டத்துப் பெருந்தசைதான். சமதரையில் நடக்கும்போது அதற்கு வேலை குறைவு. ஓடும்போதும் மேட்டில் ஏறும்போதும் வேலை மிகுதி. ஓடுகையில் நம் உடம்பு ஒவ்வோர் அடியிலும் முன்னே சாயப் பார்க்கிறது. அவ்வாறு சாயவிடாமல் பின்னிருந்து இழுத்துப் பிடிப்பது இத்தசையே. டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், மனித உடல் நெடுந்தொலைவு ஓடுவதற்கு ஏற்ப அமைந்தது என்று 2004ஆம் ஆண்டில் எழுதியபோது, இப்பெருந்தசையையும் ஒரு சான்றாகக் காட்டினர்.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். மெதுவாக ஓடுபவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 160 அடி வைக்கிறார் என்று கொள்வோம். அரைமணி நேரத்தில் 4,800 அடி ஆகிறது. ஒரு காலுக்கு 2,400. ஒவ்வோர் அடியிலும் தரை திருப்பித் தரும் விசை, உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. இத்தனை விசையையும் தாங்கி மேலே அனுப்பும் சந்திப்பு இடுப்பின் பின்புறமே. அவ்விடம் வலிப்பதில் வியப்பில்லை. பலருக்கு வலிக்காமல் இருப்பதே வியப்பு.

நேயர்களே, ஒன்றை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். இரண்டு கை அகலமுள்ள அந்த இடத்தில் தசை உண்டு, தசைநாண் உண்டு, எலும்பு உண்டு, மூட்டு உண்டு, நரம்பு உண்டு, இரத்தக் குழாய் உண்டு. இவற்றுள் எது கெட்டாலும் நாம் சொல்வது 'பிட்டத்தில் வலி' என்ற ஒரே சொற்றொடர்தான். தெருவின் பெயரை மட்டும் சொன்னால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா? பிட்ட வலி என்பதும் தெருவின் பெயரே.

அவ்வாறாயின் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளியில் ஒரு மாணவன் அடிக்கடி வராமல் நின்றால் நாங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்போம். திங்கட்கிழமைதோறும் வராதவனுக்குக் காரணம் ஒன்று; மழைநாளில் மட்டும் வராதவனுக்குக் காரணம் வேறு. வலிக்கும் அத்தகைய பதிவேடு ஒன்று எழுதவேண்டும். வலி எந்நேரத்தில் வருகிறது? எந்நேரத்தில் மறைகிறது? எதைச் செய்தால் மிகுகிறது? எதைச் செய்தால் குறைகிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதினால், காரணம் பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தசைநாணின் வலி. இதை என் உடம்பிலேயே கற்றேன். ஓய்வுபெற்ற பின் நண்பர்களோடு ஏரிக்கரையில் மெல்லோட்டம் ஓடத் தொடங்கினேன். சில மாதங்களில் இடப்பக்கத்து இருக்கை எலும்பில் வலி கண்டது. ஓடத் தொடங்கும்போது வலிக்கும்; உடம்பு சூடேறியபின் குறையும்; மறுநாள் பேருந்தின் கடின இருக்கையில் அமர்ந்தால் முன்னிலும் மிகுதியாக வலிக்கும். தசை சுருங்கிவிட்டது என்று நானே முடிவு செய்து, நாள்தோறும் காலையில் முழங்கால் மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியை விடாமற் செய்தேன். நான்கு மாதம் செய்தும் வலி வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. பிறகு முழு ஓய்வு எடுத்தேன். ஆறு வாரம் ஓடவில்லை. வலி அடங்கிற்று. மீண்டும் ஓடிய முதல் வாரத்திலேயே திரும்பி வந்தது.

இதன் காரணத்தை ஓர் இயன்முறை மருத்துவர் எனக்கு விளக்கினார். குனியும்போது பின்தொடைத் தசைநாண் இழுக்கப்படுவதோடு, இருக்கை எலும்பின் மேல் அழுத்தி நசுக்கவும்படுகிறது. நோயுற்ற தசைநாணுக்கு அந்த நசுக்குதல் ஆகாது. நான் மருந்தென்று எண்ணிச் செய்ததே நோயை வளர்த்தது. ஓய்வும் தனியே பயன் தராது. ஏனெனில், சுமை தாங்காத தசைநாண் நாளடைவில் சுமை தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அளவாக ஏற்றிய சுமையே அதற்கு மருந்து. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்தி நிறுத்தும் பயிற்சியில் தொடங்கினோம். பின்னர் ஒற்றைக் காலில் அதைச் செய்தேன். அதன்பின் எடை தூக்கும் பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். பயிற்சியின்போது சிறிது வலித்தால் குற்றமில்லை. மறுநாட் காலையில் வலி முன்னிலும் மிகுந்திருந்தால் அளவைக் குறைக்கவேண்டும் என்பதே விதி. ஏழு மாதம் ஆயிற்று; ஆயினும் குணமாயிற்று. ஓடுவோர்க்கு வரும் இந்நோயைப் பின்லாந்து நாட்டு மருத்துவர்களான புரானன், ஓராவா என்னும் இருவர் 1988ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். அவர்கள் அறுவை மருத்துவத்தைப் பற்றியே எழுதினர். இன்றோ பெரும்பாலோர்க்கு முறையான பயிற்சியே முதல் மருத்துவமாகிறது.

இதே இடத்தில் வளரும் சிறுவர்க்கு வருவது வேறு. பதினான்கு, பதினைந்து வயதில் இருக்கை எலும்பின் முனை இன்னும் முழுமையாக எலும்போடு ஒட்டியிராது. விரைந்தோடும் சிறுவன் திடீரென்று பிட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், தசைநாண் அந்த முனையையே பெயர்த்துக்கொண்டு வந்திருக்கக்கூடும். தசைப்பிடிப்பு என்று எண்ணி அழுத்தித் தேய்த்து நீவிவிடுதல் பெருந்தவறு. எக்ஸ்கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, நரம்பின் வலி. இது ஓரிடத்தில் நில்லாது. பிட்டத்திலிருந்து தொடை வழியாக, சில வேளைகளில் முழங்காலுக்குக் கீழும் இறங்கும். எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துதல் போன்ற உணர்ச்சிகள் உடன் வரும். இருமினாலும் தும்மினாலும் மிகுந்தால், மூலம் பெரும்பாலும் முதுகெலும்பில் இருக்கும். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டினை நம் மக்கள் 'ஜவ்வு' என்பர். அது பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தக்கூடும் என்பதை 1934ஆம் ஆண்டில் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் தெளிவாக நிறுவினர். வலிப்பது பிட்டம், நோயோ முதுகில். ஆதலின் பிட்டத்தில் எத்தனை தைலம் தேய்த்தும் பயனில்லை.

முதுகில் குற்றமில்லாமல், பிட்டத்தின் ஆழத்திலேயே நரம்பு நெருக்கப்படுவதும் உண்டு. அங்கே 'பிரிஃபார்மிஸ்' என்னும் சிறு தசை குறுக்காக அமைந்திருக்கிறது. நரம்பு பெரும்பாலோர்க்கு அத்தசையின் அடியிலும், சிலர்க்கு அதனை ஊடுருவியும் செல்கிறது. இத்தசையின் பெயரால் ஒரு நோயை 1947ஆம் ஆண்டில் ராபின்சன் என்பவர் விளக்கினார். நெடுநேரம் அமர்ந்தால் இவ்வலி மிகும். பின்பையில் தடித்த பணப்பையை வைத்து அதன்மேல் அமர்வோர் முதலில் அதனை எடுத்துவிடவேண்டும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: முதுகை ஆராய்ந்து பார்க்கும் முன்னரே இந்தப் பெயரைச் சூட்டிவிடுதல் தகாது.

மூன்றாவது, எலும்பின் வலி. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால், பெரிய விசை இல்லாமலே அது ஒருநாள் முறிந்துவிடுகிறது. எலும்பிலும் இவ்வாறு நுண்ணிய வெடிப்பு உண்டாகலாம். நெடுந்தொலைவு நடந்த போர்வீரர்களின் பாதங்கள் வீங்கி நோவதைப் பிரஷ்ய நாட்டுப் படைமருத்துவர் பிரைத்தாப்ட் 1855ஆம் ஆண்டிலேயே எழுதினார். பாத எலும்பின் வெடிப்பே அதற்குக் காரணம் என்பது பின்னர் எக்ஸ்கதிர் வந்தபோது தெரிந்தது. ஓடுவோர்க்குத் திரிக எலும்பிலும் அத்தகைய வெடிப்பு ஏற்படுவதுண்டு. ஓட்டத்தின் தொலைவைத் திடீரெனக் கூட்டியவர்க்கு இது நேரும். தசைநாண் வலி ஓட ஓடக் குறையும் என்றேன். எலும்பின் வலியோ ஓட ஓட மிகும். வலிக்கும் பக்கத்துக் காலில் நின்று குதித்தால் குத்தும். தொடக்கத்தில் எக்ஸ்கதிர்ப் படத்தில் இது புலப்படாமற் போகலாம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். இங்கே ஓய்வு கட்டாயம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது வீரமன்று. வெடிப்பை முறிவாக்கும் பேதைமையாகும்.

பெண்மக்களைப் பெற்றோர் இதைச் சிறப்பாகக் கேட்கவேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண், அதற்கு ஈடான உணவு கொள்ளாவிட்டால் மாதவிலக்கு தவறும், எலும்பும் வலுவிழக்கும். மாதவிலக்கு நின்றுபோவது நல்ல பயிற்சியின் அடையாளம் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணற்க, அஃது உடல் விடுக்கும் எச்சரிக்கை. ஆடவர்க்கும் உணவுக்குறை எலும்பைக் கெடுக்கும் என்பதனால், அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டில் இருபாலார்க்கும் பொதுவாக இக்குறைபாட்டுக்குப் பெயர் வகுத்தது.

நான்காவது, இரத்தக் குழாயின் வலி. இது பெரும்பாலும் என் வயதினர்க்கு உரியது. புகை பிடிப்போர்க்கும் நீரிழிவு உடையோர்க்கும் மிகுதி. குழாய் சுருங்கினால் உழைக்கும் தசைக்குப் போதிய குருதி கிட்டாது. அதனால் குறிப்பிட்ட தொலைவு சென்றதும் பிட்டம் கனத்து வலிக்கும். சில நிமிடம் நின்றால் போய்விடும். மறுபடியும் அதே தொலைவில் வரும். கடிகாரம்போல் இவ்வாறு வந்துபோகும் வலியை மூப்பின் தளர்ச்சி என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். இதயத்தின் குழாய்களும் ஆராயப்பட வேண்டியவையாக இருக்கலாம்.

ஐந்தாவதைச் சொல்லுமுன், என் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். இன்று இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதே அதன்பொருட்டுத்தான்.

1996ஆம் ஆண்டில் என் வகுப்பில் பதினாறு வயது மாணவன் ஒருவன் இருந்தான். 1,500 மீட்டர் ஓட்டத்தில் அவனை வெல்ல எங்கள் வட்டாரத்தில் ஆளில்லை. மாலையில் அப்படி ஓடுபவன், காலையில் முதற் பாடவேளைக்குப் பிந்தி வருவான். நான் வகுப்பில் நுழைந்தால் எல்லாரும் எழுவர். அவன் மட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுவான். கேட்டால், "இடுப்புக்குக் கீழே வலிக்கிறது, ஐயா" என்பான். ஒருநாள் வலப்பக்கம் என்பான். மற்றொரு நாள் இடப்பக்கம் என்பான். பையன்கள் சிரிப்பார்கள். நான் அவனைச் சோம்பேறி என்றே முடிவு செய்தேன். பிந்தி வந்ததற்குத் தண்டனையாகத் திடலை இரண்டு சுற்று ஓடிவரச் சொல்வேன். ஓடி முடித்து வரும்போது அவன் நன்றாகவே நடந்து வருவான். வலி உண்மையானால் ஓடியபின் மிகுந்திருக்க வேண்டாவா? பொய் வெளிப்பட்டது என்று நான் கருதினேன்.

2009ஆம் ஆண்டில் அவன் தன் திருமண அழைப்பிதழோடு என் வீட்டுக்கு வந்தான். ஆசி பெறுவதற்காகக் காலில் விழ முயன்றவன், பாதி குனிந்து அப்படியே நின்றுவிட்டான். பக்கத்திலிருந்த என் மனைவியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் திருப்பினான். இருபத்தேழாம் வயதில்தான் தன் நோய்க்குப் பெயர் தெரிந்ததென்று சொன்னான். முதுகெலும்பு மூட்டுகள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் அழற்சி நோய் அது. மருத்துவர் அதனை 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்பர். "சின்ன வயதிலேயே ஆரம்பித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், ஐயா. காலையில் வலித்து, ஓடினால் குறையுமா என்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை" என்றான். என்மேல் குறையாக அவன் சொல்லவில்லை. எனக்கு அது குறையாகவே கேட்டது.

நேயர்களே, இந்நோயின் பதிவேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் இளமையில், மெல்ல மெல்லத் தொடங்கும். திரிகத்தின் இருபுறத்து மூட்டுகளிலும் அழற்சி உண்டாவதால், பிட்டத்தில் வலி பக்கம் மாறி மாறி வரும். பின்னிரவில் எழுப்பிவிடும். காலையில் அரைமணிக்கு மேல் உடம்பு இறுகியிருக்கும். ஓய்வினால் மிகும், அசைவினால் குறையும். என் மாணவன் ஓடியபின் நன்றாக நடந்தானே, அது பொய்யின் சான்று அன்று, நோயின் சான்று. எல்லாக் குறிகளும் என் கண்முன் இருந்தன. வருகைப் பதிவேட்டில் அவன் பிந்தி வந்த நாள்களை நானே சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தேன். அவற்றைப் படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

இந்நோய்க்கும் குருதியில் காணும் 'எச்.எல்.ஏ. பி-27' என்னும் மரபுக் குறிக்கும் உள்ள தொடர்பு 1973ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எக்ஸ்கதிர்ப் படத்தில் மாறுதல் தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம், எம்.ஆர்.ஐ. அதற்கு முன்பே காட்டக்கூடும். இன்று உடற்பயிற்சியோடு அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் பல உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் ஆற்றல் வாய்ந்த ஊசிமருந்துகளும் வந்துள்ளன. காலத்தில் கண்டுபிடித்தால் இளைஞன் நிமிர்ந்து நடக்கலாம். காலம் கடந்து இறுகிய மூட்டை மீட்பது அரிது.

இனி, தாமதம் கூடாத குறிகள் சில உண்டு. சிறுநீர் கழிக்க இயலாமை, மலத்தை அடக்க இயலாமை, இருக்கைப் பகுதியும் தொடையிடுக்கும் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும், இரவானாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முதுகின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுக்கப்பட்டிருக்கலாம். அங்கே நேரமே உயிர்நிலை. மாலைதோறும் காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவிலும் ஓயாத வலி ஆகியவை இருந்தால் காசநோய் முதலியன உண்டா என்று ஆராயவேண்டும். காசநோய் நுரையீரலை மட்டுமன்றி எலும்பு மூட்டுகளையும் பற்றும்.

இத்தகைய குறிகள் இல்லாதவர், வலி கண்டதும் அஞ்ச வேண்டுவதில்லை. ஓட்டத்தின் தொலைவையும் விரைவையும் குறையுங்கள். மேடு ஏறி ஓடுவதைச் சில காலம் விடுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் இரண்டு வாரம் வலியின் வரவையும் போக்கையும் எழுதுங்கள். அதற்குள் தணியாவிட்டால் அந்தக் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். கூச்சப்பட்டு 'இடுப்பு வலி' என்று பொதுவாகச் சொல்லாமல், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். இருக்கை எலும்பா, திரிகத்தின் பக்கமா, தொடையின் வெளிப்புறமா என்பது தெரிந்தாலே பாதி ஆராய்ச்சி முடிந்ததாகும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ஒரு பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால், உண்மையா பொய்யா என்று ஆராயத் தொடங்காதீர்கள். எப்போது வலிக்கிறது, எப்போது குறைகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அரை நிமிடம் போதும். நான் அதைக் கேட்கத் தவறினேன். என் மாணவன் பதினோர் ஆண்டு காத்திருந்தான்.